புயலுக்குப் பிறகு கரண்டும் இல்லை, பெட்ரோலும் இல்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேராவூரணிப் பக்கத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் வேலையும் பார்ப்பேன். 2018-இல் கஜா புயல் எங்கள் பகுதியைப் புரட்டிப் போட்டதிலிருந்து, ஐப்பசி பிறந்து வானிலைச் செய்தியில் 'காற்றழுத்தத் தாழ்வு' என்று காதில் விழுந்தாலே கடைக்குக் கூட்டம் வந்துவிடும். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். அதனால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன. நிவாரணம், பயிர் இழப்பீடு பற்றி இதில் ஒன்றும் இல்லை. கரண்டும் பெட்ரோலும் அவற்றை நம்பி இருக்கும் காரியங்களும் மட்டும்தான்.

"அண்ணே, புயல் அடிச்சா எத்தனை நாளைக்குக் கரண்ட் இருக்காது?"

புயலைப் பொறுத்தது, நீங்கள் இருக்கும் இடத்தையும் பொறுத்தது. கஜா 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டவுனில் சில தெருக்களுக்கு ஒரு வாரத்தில் வந்தது. எங்கள் தெருவுக்கு 19-ஆம் நாள் வந்தது. வயல் மோட்டார் இணைப்புகளுக்கு அதற்கும் மேலே ஆயிற்று. 2016 டிசம்பர் 12-இல் வர்தா அடித்தபோது சென்னையில் பல இடங்களில் சில நாட்களிலேயே சரியானது. அங்கே நிறைய இடத்தில் கேபிள் மண்ணுக்கடியில் போகிறது. இங்கே தென்னந்தோப்புக்கு நடுவே கம்பிதான்.

என் கைக்கணக்கு இது: கம்பி மட்டும் அறுந்திருந்தால் ஒரு நாள், ரெண்டு நாள். தெருவில் கம்பம் சாய்ந்திருந்தால் ஒரு வாரம். துணைமின் நிலையத்துக்கு வரும் பெரிய லைனே போயிருந்தால் கணக்குக் கேட்காதீர்கள். மூன்று நாளுக்கு வீட்டில் ஏற்பாடு வேண்டும், பத்து நாளுக்குத் தெருவாகச் சேர்ந்து ஏற்பாடு வேண்டும். பத்து நாளுக்குத் தனி ஒரு வீடு தயாராவது பணம் உள்ளவர்களுக்கே கஷ்டம்.

"பங்க் வாசல்ல லாரி நிறுத்தி இறக்கினதை நானே பாத்தேன். அப்புறமும் பெட்ரோல் இல்லைங்கிறான், பதுக்குறானா?"

பதுக்கலும் நடக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் காரணம் அது இல்லை. பெட்ரோல் கிடப்பது தரைக்கு அடியில் இருக்கும் தொட்டியில். அதை மேலே ஏற்ற மோட்டார் ஓட வேண்டும், அதற்குக் கரண்ட் வேண்டும். பங்க் ஜெனரேட்டர் பழுதானாலோ, அதற்கு ஆள் இல்லை என்றாலோ, தொட்டி நிறைய இருந்தும் ஒரு சொட்டு வராது.

இன்னொரு காரணம் சாலை. மரம் விழுந்து சாலை மறித்தால் டேங்கர் லாரி வராது. வந்த ஒன்றிரண்டு லோடும் ஆம்புலன்சுக்கும் மின்வாரிய வண்டிக்கும் குடிநீர் ஜெனரேட்டருக்கும் முதலில் போகும். அது நியாயம்தான். அதோடு டவர் இல்லாவிட்டால் யுபிஐ கிடையாது, கார்டு மெஷின் கிடையாது, ஏடிஎம்மும் மூடிக்கிடக்கும். கஜாவின்போது கையில் நூறு, ஐம்பது நோட்டு வைத்திருந்தவர்தான் ராஜா. 500 நோட்டை நீட்டினால் சில்லறை இல்லை என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

"அப்ப முன்னாடியே வாங்கி வச்சுக்கலாம்ல? எவ்வளவு வைக்கலாம்?"

முதலில் வண்டி டேங்கை நிரப்புங்கள். அதுதான் இருப்பதிலேயே பாதுகாப்பான பாத்திரம். வீட்டில் பைக், கார், டிராக்டர் எது இருந்தாலும் எச்சரிக்கை வந்த அன்றே நிரப்பிவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

தனியாகச் சேமிப்பதற்குச் சட்டம் இருக்கிறது. விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டர் வரை பெட்ரோல் உரிமம் இல்லாமல் வைக்கலாம். அதுவும் நன்றாக மூடிய பாத்திரத்தில். கண்ணாடி, பீங்கான் என்றால் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது, உலோகக் கேன் என்றால் 25 லிட்டருக்கு மேல் கூடாது. சட்டத்தில் பிளாஸ்டிக் பாட்டில் என்ற பேச்சே இல்லை, பங்க்கில் பாட்டிலுக்கு ஊற்ற மறுப்பது இதனால்தான். டீசல் அவ்வளவு எளிதில் தீப்பிடிக்காது, அதற்குத் தாராளமான வரம்பு.

30 லிட்டர் வைக்கலாம் என்பதற்காக வைக்க வேண்டும் என்று இல்லை. ஒரு வீட்டுக்கு 5 லிட்டர் போதும் என்பேன். அடுப்படிக்கும் சாமி விளக்குக்கும் தள்ளி, வீட்டுக்கு வெளியே, வெயில் படாத கொட்டகையில். மழைக்காலம் முடிந்ததும் வண்டியில் ஊற்றித் தீர்த்துவிடுங்கள். அடுத்த வருடத்துக்கென்று பத்திரப்படுத்திய பெட்ரோலால் ஸ்டார்ட் ஆகாத ஜெனரேட்டர்கள் என் கடைக்கு வருடா வருடம் வருகின்றன. கார்புரேட்டரைக் கழற்றினால் கோந்து மாதிரி ஒட்டிக்கிடக்கும்.

"கையில ரெண்டு லிட்டர்தான் இருக்கு. எதுக்கு முதல்ல செலவு பண்றது?"

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்க வேண்டும், கடைசியில்தான் கேட்கிறார்கள்.

தண்ணீருக்கு. ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் முழு வேலை பார்த்தால் மணிக்கு ஒரு லிட்டர் போலக் குடிக்கும். ஒரு ஹெச்பி மோட்டார் ஆயிரம் லிட்டர் தொட்டியை அரை மணி நேரத்தில் நிரப்பிவிடும், ஆழம் அதிகம் என்றால் கொஞ்சம் கூடும். ஆக அரை லிட்டர் பெட்ரோலில் ஆயிரம் லிட்டர் தண்ணீர். பத்து வீடு என்றால் வீட்டுக்கு எட்டு, பத்து குடம். அதே ஜெனரேட்டரில் ரெண்டு ஃபேன் மட்டும் போட்டாலும் மணிக்கு அரை லிட்டர் போகும், ஏனென்றால் இன்ஜின் சுற்றுவதற்கே அவ்வளவு வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு மணி நேரக் காற்று, பத்து வீட்டுக்கு ஒரு நாள் தண்ணீர். ரெண்டுக்கும் செலவு ஒன்றுதான்.

அதனால் நாங்கள் கஜாவுக்குப் பிறகு செய்தது 'ஒரு மணி நேர ஏற்பாடு'. தெருவுக்கு ஒரு ஜெனரேட்டர். காலையில் ஒரு மணி நேரம் மட்டும் ஓடும். முதலில் மோட்டாரைப் போட்டு ஓட்டம் நிலைத்த பிறகு, நீள ஜங்ஷன் பாக்ஸில் எல்லார் வீட்டுப் போனும் எமர்ஜென்சி லைட்டும் சொருகப்படும். இருபது போன் சேர்ந்தாலும் 200 வாட்தான், அதைத் தாங்கும். மோட்டார் எடுக்கும்போது வோல்டேஜ் தடுக்கி விழும், அதனால்தான் சார்ஜர் பிறகு. பெட்ரோல் காசு வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொண்டோம். இரண்டாவது நாளே சண்டை வந்தது, மூன்றாவது நாள் ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்ததும் சரியானது.

தண்ணீருக்கும் முன்னால் ஒன்று உண்டு: மரம் அறுக்கும் மெஷின். சாலையில் கிடக்கும் தென்னையை அறுத்தால்தான் டேங்கர் வரும், லைன்மேன் வருவார், 108 வரும். கஜாவின் முதல் ரெண்டு நாள் எங்கள் ஊரில் கிடைத்த பெட்ரோலில் பெரும்பகுதி அந்த மெஷினுக்குத்தான் போனது. அதற்கு 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) கலந்த பெட்ரோல் வேண்டும், ஆயிலையும் ஒரு பாட்டில் முன்பே வாங்கி வையுங்கள்.

"சொந்தமா ஜெனரேட்டர் வாங்கிரலாமா? எவ்வளவு கேவிஏ?"

வீட்டில் ஆக்சிஜன் மெஷின் போல நிற்கவே கூடாத கருவி இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் தெருவில் பத்துப் பேர் சேர்ந்து ஒன்று வாங்குவது புத்திசாலித்தனம். ஒரு ஹெச்பி மோட்டார் ஓட ஒரு கிலோவாட் போதும் என்று கணக்குப் போட்டு ஒரு கேவிஏ (ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு) வாங்கி வந்தவர்கள் உண்டு. மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். ஜெனரேட்டர் முக்கி நின்றுவிடும், இல்லை மோட்டார் காயில் கருகும். ஒரு ஹெச்பிக்கு இரண்டரை, மூன்று கேவிஏ பாருங்கள். ஐந்து ஹெச்பி த்ரீ ஃபேஸ் மோட்டார் என்றால் 10 கேவிஏ-க்குக் குறையாமல் வேண்டும். அது கல்யாண மண்டபக்காரரிடமோ மைக் செட்காரரிடமோதான் இருக்கும். அவர்களிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

யாரும் யோசிக்காத ஒன்று: பழைய ஆயில் இன்ஜின். இலவச மின்சாரம் வந்ததும் கொட்டகை மூலையில் தள்ளிய ஐந்து ஹெச்பி இன்ஜின் சில வீடுகளில் இன்னும் கிடக்கிறது. மணிக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே டீசல் குடிக்கும், கரண்ட் இருக்கிறதா என்று கேட்காமல் வாய்க்காலிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தண்ணீரை அள்ளிப் போடும். கஜா சமயத்தில் இரும்புக்கடைக்குப் போகவிருந்த ரெண்டு இன்ஜினைத் தூசி தட்டி ஓட வைத்தேன்.

"மழை பெய்யுதே, ஜெனரேட்டரைத் திண்ணையில வச்சு ஓட்டலாமா?"

கூடாது. வீட்டுக்குள், கார் ஷெட்டுக்குள், ஜன்னல் ஓரத் திண்ணையில், எங்கேயும் கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். ஜன்னல் திறந்திருந்தால் சரி என்று நினைப்பதும் தப்பு. வாசல், ஜன்னலிலிருந்து இருபது அடியாவது தள்ளி, புகைக்குழாய் வீட்டைப் பார்க்காதபடி வையுங்கள். நாலு கம்பு நட்டு மேலே ஒரு தகரம் போட்டால் மழைக்குப் போதும், பக்கவாட்டில் மூடாதீர்கள். பக்கத்தில் இருப்பவருக்குத் தலை வலித்து, கிறுகிறுத்து, வாந்தி வருகிற மாதிரி இருந்தால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று விடாமல் உடனே வெளியே கொண்டு வாருங்கள்.

இன்னொன்று, ஓடும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள். அணைத்துப் பத்து நிமிஷம் ஆறவிடுங்கள்.

"ரெண்டு பக்கமும் பின் வச்ச வயர் ஒண்ணு செஞ்சு குடுங்கண்ணே, பிளக்ல சொருகினா வீடு முழுக்க எரியுமாமே?"

எரியும். செய்து தர மாட்டேன். இதற்காக என்னிடம் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

காரணத்தைச் சொல்கிறேன். அப்படிச் சொருகினால் உங்கள் ஜெனரேட்டர் கரண்ட் வீட்டோடு நிற்காது. மீட்டர் வழியாக வெளியே தெருக் கம்பிக்குப் போகும். அங்கிருந்து டிரான்ஸ்பார்மருக்குப் போகும். டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்குத் தரும் பெட்டி என்றுதான் நமக்குத் தெரியும். பின்பக்கமிருந்து 230 வோல்ட் கொடுத்தால் அதே பெட்டி அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றி அந்தப் பக்கம் அனுப்பும். ரெண்டு கிலோமீட்டர் தள்ளி, லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய ஒருவர் கை அங்கே இருக்கும். கஜாவில் கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும்கூட ஆட்கள் வந்து நம் சேற்றில் நின்று கம்பம் நட்டார்கள். இடுப்பில் கயிற்றைக் கட்டி மேலே ஏறியவர்களுக்கு, கீழே எந்த வீட்டில் எந்த வயர் சொருகியிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

அது போக, பின் கழன்று வந்தால் அந்த முனை உயிரோடு இருக்கும், குழந்தை தொட்டால் முடிந்தது. மெயின் கரண்ட் திடீரென்று வந்தால் ஜெனரேட்டர் வெடித்துத் தீப்பிடிக்கக்கூடும். 'மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தாண்ணே போடுவேன்' என்பார்கள். பத்து நாளில் ஒரு நாள் மறந்தால் போதும். சரியான வழி சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஒரு பக்கம் தள்ளினால் ஈ.பி., மறு பக்கம் தள்ளினால் ஜெனரேட்டர், ரெண்டும் ஒரே நேரத்தில் சேரவே சேராது. அதற்கு வசதி இல்லையா, ஜெனரேட்டரிலிருந்து நேராக ஜங்ஷன் பாக்ஸ் இழுத்துப் பொருளைச் சொருகுங்கள். வீட்டு வயரிங்கைத் தொட வேண்டாம்.

"இன்வெர்ட்டர் இருக்கு. எத்தனை மணி நேரம் வரும்?"

150 ஆம்பியர்-மணி பேட்டரி, 12 வோல்ட். பெருக்கினால் 1800 வாட்-மணி வரும். ஆனால் கையில் கிடைப்பது ஆயிரம், ஆயிரத்து இருநூறு வாட்-மணிதான், அதுவும் பேட்டரி புதிதாக இருந்தால். சாதாரண ஃபேன் 75 வாட். ஒரே ஒரு ஃபேன் விடாமல் ஓடினால் 14, 15 மணி நேரத்தில் காலி. புது வகை பிஎல்டிசி ஃபேன் 30 வாட்தான், அது இரண்டு இரவைத் தாண்டும். எல்இடி பல்பு 9 வாட், ஒரு போன் முழுசாக ஏற 15, 20 வாட்-மணி. கணக்கைப் பார்த்தாலே தெரியும்: விளக்குக்கும் போனுக்கும் மட்டும் வைத்தால் நாலைந்து நாள் இழுக்கலாம், ஃபேனுக்குக் கொடுத்தால் ஒரு இரவு.

பலருக்குத் தெரியாதது, எதுவும் எரியாமல் சும்மா இருந்தாலும் இன்வெர்ட்டர் தனக்கென்று பதினைந்து வாட் போலத் தின்னும். தேவையில்லாதபோது முன்னால் இருக்கும் சுவிட்சையே அணைத்துவிடுங்கள். அப்புறம், தண்ணீர் ஏறும் இடமென்றால் பேட்டரியை முதல் நாளே மேசை உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். ஐம்பது கிலோவுக்கு மேல் கனம், ரெண்டு பேர் வேண்டும்.

"இன்வெர்ட்டர் பேட்டரி தீந்ததும் ஜெனரேட்டரை ஓட்டி சார்ஜ் ஏத்திக்கலாமா?"

ஏற்றலாம், ஆனால் நஷ்டம். அந்தப் பேட்டரி மெதுவாகத்தான் வாங்கும், முழுசாக ஏற பத்து, பன்னிரண்டு மணி நேரம். அவ்வளவு நேரமும் ஜெனரேட்டர் பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருக்கும். மேலே சொன்ன ஒரு மணி நேர ஏற்பாட்டில், தண்ணீர் ஏறி முடிந்தபின் மிச்ச நேரத்தில் சொருகினால் கிடைத்தவரை லாபம். அதற்கென்றே ஓட்டாதீர்கள்.

"போன் சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது, புயலுக்கு அப்புறம் சீக்கிரம் தீருது. ஏன்?"

டவரில் கரண்ட் போய், அதன் பேட்டரியும் டீசலும் தீர்ந்தால் பக்கத்து டவர் அணைந்துவிடும். உங்கள் போன் தூரத்து டவரைத் தேடிக் கத்திக்கொண்டே இருக்கும், அதில்தான் சார்ஜ் கரைகிறது. ஃபிளைட் மோடில் போட்டுவிட்டு, காலையும் மாலையும் குறித்த நேரத்தில் மட்டும் திறங்கள். எந்த நேரத்தில் திறப்பீர்கள் என்று வெளியூர் உறவுக்காரர்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள். பேச்சு கிடைக்காத இடத்தில் எஸ்எம்எஸ் பல தடவை போய்விடும். கார் சார்ஜரும் டிராக்டர் பேட்டரியும் கைகொடுக்கும், ஆனால் இன்ஜின் ஓடாமல் மணிக்கணக்கில் இழுத்தால் அப்புறம் வண்டியைத் தள்ள வேண்டியிருக்கும்.

"மாடியில சோலார் போட்டிருக்கோம், வெயில் அடிக்குது, ஆனா கரண்ட் வரலை. ஏமாத்திட்டாங்களா?"

ஏமாற்றவில்லை, சொல்லாமல் விட்டிருப்பார்கள். மானியத்தில் போடுவது பெரும்பாலும் பேட்டரி இல்லாத, ஈ.பி. லைனோடு இணைந்த வகை. லைனில் கரண்ட் இல்லையென்றால் அது தானாக நின்றுவிடும்படிதான் செய்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், ரெட்டைப் பின் வயர் கேள்விக்குச் சொன்ன அதே பதில்: கம்பத்தில் இருக்கும் ஆளைக் காப்பாற்ற. இனிமேல் போடுகிறவர்கள் பேட்டரியோடு சேர்ந்த ஹைபிரிட் வகை பற்றிக் கேளுங்கள், விலை கூடுதல்தான். அவ்வளவு முடியாதென்றால் சின்ன பேனலோடு வரும் சோலார் விளக்கு ஒன்று வாங்குங்கள். போனும் ஏறும்.

"கேஸ் தீந்துருச்சு, மண்ணெண்ணெய் இல்ல. ஸ்டவ்ல கொஞ்சம் பெட்ரோல் கலந்துக்கலாமா?"

வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெய் ஸ்டவ்விலோ அரிக்கேன் விளக்கிலோ பெட்ரோல் ஒரு கரண்டி கலந்தாலும் அது ஸ்டவ் இல்லை, குண்டு. கஜா வந்தபோது ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைத்தது, இப்போது அதை நம்ப முடியாது. அதனால் எச்சரிக்கை வந்ததும் சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கள். ரெண்டாவது சிலிண்டர் இல்லாதவர்களுக்கு 5 கிலோ சின்ன சிலிண்டர் கடைகளிலும் சில பங்க்குகளிலும் கிடைக்கிறது.

விறகு ஊரெல்லாம் கிடக்கும், ஆனால் விழுந்த மரம் பச்சை, மழையில் வேறு நனைந்தது. காய்ந்த மட்டை, கொட்டாங்கச்சி ஒரு சாக்கு உள்ளே எடுத்து வைத்தால் அடுப்புப் பற்றும். கரி அடுப்பை மூடிய அறையில் வைக்காதீர்கள், ஜெனரேட்டருக்குச் சொன்ன புகை இதிலும் உண்டு. கேஸ் கசிந்தால் 1906.

"தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்றாங்க, கேஸே இல்லாதப்ப எங்க காய்ச்சுறது?"

சரியான கேள்வி. குடிக்கிற தண்ணீரை மட்டும் காய்ச்சுங்கள், தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் போதும். அரை மணி நேரம் கொதிக்க விடுவது கேஸுக்குக் கேடு. குளோரின் மாத்திரை இருந்தால் காய்ச்சவே வேண்டாம், பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுப்படி போட்டு அரை மணி நேரம் வையுங்கள். கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்டுங்கள். கிணற்றில் வெள்ளத் தண்ணீர் இறங்கியிருந்தால் ப்ளீச்சிங் பவுடரைக் கண்ணளவில் கொட்டாமல் சுகாதார ஆய்வாளரிடம் அளவு கேட்டுப் போடுங்கள்.

"பிரிட்ஜ்ல இன்சுலின் இருக்கு. கெட்டுப் போயிருமா?"

பதற வேண்டாம். பிரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். உபயோகத்தில் இருக்கும் மருந்தை அறை வெப்பத்தில் ஏறக்குறைய நாலு வாரம் வைத்திருக்கலாம் என்றுதான் பெரும்பாலான இன்சுலின் வகைகளில் சொல்லியிருக்கும். பெட்டிக்குள் இருக்கும் சீட்டைப் பாருங்கள். திறக்காத பாட்டில்களுக்குப் பழைய வழி: அகலமான மண்சட்டியில் ஈர மணல் போட்டு, நடுவே சின்னப் பானை வைத்து, மருந்தைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து உள்ளே வைத்து, ஈரத்துணி மூடி, காற்றோட்டமான நிழலில் வைப்பது. மணல் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்தால் அந்த மருந்து வீண். மருந்து நிறம் மாறினாலோ கட்டி தட்டினாலோ போடாதீர்கள்.

மாவு, பால், மீன் பற்றிக் கேட்காதீர்கள். அன்றைக்கே சமைத்துத் தெருவோடு சாப்பிட்டு முடியுங்கள். கஜாவுக்கு மறுநாள் மத்தியானம் எங்கள் தெருவில் மூன்று வீட்டு மீன் ஒரே குழம்பானது.

"வரிசையில நின்னு பெட்ரோல் போட்டேன், ஒரு கிலோமீட்டர் போனதும் வண்டி நின்னுருச்சு. பெட்ரோல்ல தண்ணியா?"

இருக்கலாம். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலுக்குத் தண்ணீரைப் பிடிக்கும். பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் மழைத் தண்ணீர் இறங்கினால், எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரோடு சேர்ந்து அடியில் படியும். அடியில் இருப்பதைத்தான் பம்ப் முதலில் உறிஞ்சும். வண்டி முக்கி முக்கி நிற்கும்.

திரும்பத் திரும்ப ஸ்டார்ட்டரை அழுத்தாதீர்கள். ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வைத்துப் பாருங்கள், ரெண்டு அடுக்காகப் பிரிந்தால் தண்ணீர்தான். டேங்கை முழுசாக இறக்கிக் கழுவ வேண்டும், பில்லை வைத்துக்கொண்டு பங்க்கில் புகார் கொடுங்கள். தண்ணீர் தேங்கிய பங்க்கில் போடுவதற்கு முன்பே, அளவுக் கம்பியில் வாட்டர் பேஸ்ட் தடவித் தொட்டியில் விட்டுக் காட்டச் சொல்லலாம். தண்ணீர் பட்ட இடம் நிறம் மாறும். கேட்டால் முறைப்பார்கள், கேளுங்கள்.

"அடுத்த தெருவுக்கு வந்துருச்சு, நமக்கு மட்டும் வரலை. யாரையாவது கவனிச்சிருப்பாங்களோ?"

அப்படி நினைத்து சாலை மறியல் வரை போனதை நான் பார்த்திருக்கிறேன். மறியலில் மாட்டியது மின்வாரிய வண்டியேதான்.

கரண்ட் வரும் வரிசை இது: முதலில் பெரிய லைனும் துணைமின் நிலையமும். அப்புறம் ஆஸ்பத்திரிக்கும் குடிநீர் நிலையத்துக்கும் போகும் 11,000 வோல்ட் ஃபீடர்கள், அதாவது துணைமின் நிலையத்திலிருந்து கிளம்பும் லைன்கள். பிறகு மற்ற ஃபீடர்கள், அதில் தொங்கும் டிரான்ஸ்பார்மர்கள், கடைசியாகத் தெருக் கம்பி. அடுத்த தெரு வேறு டிரான்ஸ்பார்மரில் இருக்கும், ஏன், வேறு ஃபீடரிலேயே இருக்கும். உங்கள் டிரான்ஸ்பார்மர் எண்ணைத் தெரிந்து வைத்து, எத்தனை கம்பம், எந்த இடத்தில் சாய்ந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் வேலை வேகமாகும். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. மாவட்ட அவசர எண் 1077, மாநிலத்துக்கு 1070.

"லைன்மேன் வர்றதுக்குள்ள விழுந்த கம்பியை நாமளே இழுத்து ஓரம் போட்டா என்ன? கரண்ட்தான் இல்லையே?"

கரண்ட் இல்லை என்று யார் சொன்னது? எந்த வீட்டில் எந்த ரெட்டைப் பின் வயர் ஓடுகிறதோ. கம்பியையும், கம்பி மாட்டிய மரத்தையும், அதன் மேல் விழுந்த வேலிக் கம்பியையும் தொடாதீர்கள். ஒரு கொம்பு நட்டு சிவப்புத் துணி கட்டுங்கள், மாட்டை அந்தப் பக்கம் விடாதீர்கள். கம்பி படாத மரங்களை அறுத்து வழி விடலாம், லைன்மேன் சொன்னபிறகு கம்பம் தூக்கக் கை கொடுக்கலாம். கஜாவில் ஊர் ஊராக அதைச் செய்தோம். சேற்று வயலுக்குள் கிரேன் போகாது, தோள்தான் போகும்.

"வந்தவங்களுக்குக் காசு குடுக்கணுமா?"

கம்பத்துக்கும் கம்பிக்கும் நீங்கள் தர வேண்டியது எதுவும் இல்லை. சாப்பாடும் வெந்நீரும் படுக்க ஒரு கூரையும் கொடுங்கள். யாராவது காசு கேட்டால் அது வேறு விஷயம், புகார் கொடுங்கள்.

"கரண்ட் வந்த உடனே பக்கத்து வீட்டு டிவி, பிரிட்ஜ் எல்லாம் புகைஞ்சு போச்சு. எப்படி?"

பெரும்பாலும் நியூட்ரல் அறுந்திருக்கும். கம்பத்தில் ஓடும் ஃபேஸ்களை (கரண்ட் வரும் கம்பிகளை) எல்லாம் சமப்படுத்தி வைப்பது நியூட்ரல் கம்பி. அது விட்டுப் போனால் ஒரு வீட்டுக்கு மங்கலாகவும் இன்னொரு வீட்டுக்கு 400 வோல்ட் வரைக்கும்கூடப் போகும். அவசரத்தில் கட்டிய லைனில் இது நடக்கும்.

புயல் அன்றே மெயினை அணைத்துவிட்டு, பிளக்குகளை எல்லாம் உருவி வையுங்கள். தெரு விளக்கு எரிந்தபின், ஒரே ஒரு பழைய குண்டு பல்பை மட்டும் போட்டுப் பாருங்கள். கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிந்தாலோ மங்கி மங்கி ஆடினாலோ உடனே அணைத்து ஈ.பி.க்குச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் ஒழுங்காக எரிந்தால் ஒவ்வொன்றாகப் போடலாம், பிரிட்ஜ் கடைசியில். மீட்டர் பெட்டியோ சுவரோ நனைந்திருந்தால் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினைத் தொடாதீர்கள்.

"தண்ணியில மூழ்கின மோட்டாரை ரெண்டு நாள் வெயில்ல வச்சுட்டேன். போட்டுரலாம்ல?"

போட்டால் எனக்கு வியாபாரம். கையில் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், காயிலுக்குள் ஈரம் இருக்கும். மெக்கர் (காயிலிலிருந்து மோட்டார் உடம்புக்குக் கரண்ட் கசியுமா என்று அளக்கும் கருவி) வைத்துப் பார்க்க வேண்டும், ஒரு மெகா ஓம்கூடக் காட்டாத மோட்டாரைப் போட்டால் அரை நிமிஷத்தில் வாசனை வரும். பிரித்து, நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, பல்பு வெப்பத்தில் மெதுவாக உலர்த்தி, வார்னிஷ் அடித்து, பேரிங்கை மாற்றினால் பல மோட்டார்கள் காயில் மாற்றாமலேயே பிழைக்கின்றன. உப்புத் தண்ணீர் என்றால் அன்றைக்கே கழுவிவிடுங்கள், காய விடாதீர்கள். ஸ்டார்ட்டர் பெட்டியையும் கொண்டு வாருங்கள், மோட்டாரை மட்டும் தூக்கி வருவது எல்லோரும் செய்கிற தப்பு.

"நான் சிங்கப்பூர்ல இருக்கேன், அம்மா ஊர்ல தனியா இருக்காங்க. இங்கேருந்து என்ன செய்ய முடியும்?"

புயல் கரை கடந்த அன்று அம்மா போன் எடுக்கவில்லை என்றால் முதலில் டவரைச் சந்தேகப்படுங்கள். விடாமல் அடித்தால் அந்தப் பக்கம் சார்ஜ்தான் தீரும். எதிர்வீட்டு எண், பால்காரர் எண், பஞ்சாயத்துத் தலைவர் எண், இந்த மூன்றையும் இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில் போனைத் திறப்பது என்று அம்மாவோடு பேசி வையுங்கள்.

சில்லறையாக ரெண்டாயிரம் ரூபாய், ஒரு மாத மாத்திரை, நிரம்பிய சிலிண்டர், குடிதண்ணீர் நாலு குடம், இவ்வளவும் ஐப்பசி பிறக்கும் முன் வீட்டில் இருக்க வேண்டும். உங்கள் தெரு ஜெனரேட்டர் நோட்டில் அம்மா பெயரையும் சேர்த்துப் பங்குப் பணத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள், அம்மா கேட்கக் கூச்சப்படுவார். வீடியோ காலில் டார்ச் எங்கே என்று கேளுங்கள். 'அலமாரியில இருக்குப்பா' என்பார். விடாதீர்கள், எடுத்து எரியவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே பேட்டரி பொங்கிப் பச்சையாக இருக்கும்.